விளக்குக் கணக்கு

ஒளி என்ற சொல் நம் புதுக்கவிதையில் மலிந்துவிட்டது. ஞானம், விடுதலை, நம்பிக்கை எதைச் சொல்வதானாலும் ஒளி வந்துவிடுகிறது. எண்ணெய் யார் ஊற்றியது என்று யாரும் கேட்பதில்லை. வட சென்னைக் கரையின் வரலாறு அந்தக் கேள்வியைத் தவிர்க்க விடாது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒளி ஒரு கணக்கு. ஒரு நந்தா விளக்கு அணையாதிருக்கப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் கோயிலுக்கு விடப்பட்டன. இடையர்கள் அவற்றை ஏற்று நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பிவிடும். எனவே அவை ‘சாவா மூவாப் பேராடு’. இடையனின் கடனும் அப்படியே சாவதில்லை.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய கலியநாயனார் கதையை இக்கல்வெட்டுகளோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பேன். அவர் திருவொற்றியூர்ச் செக்கார். கோயில் விளக்கெரித்தே செல்வம் இழந்தார். பிறர் செக்கில் கூலிக்கு உழைத்தார். மனைவியை விற்கவும் முயன்றார். கடைசியில் எண்ணெய்க்குப் பதில் தன் இரத்தத்தை வார்க்கக் கழுத்தை அரிந்தார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தான் என்பது புராணம். பக்தியின் கதைதான், எண்ணெயின் விலையைச் சொல்லும் கதையும்கூட.

அதே ஒற்றியூரைப் பாடிய இராமலிங்கரிடம் (1823–1874) விளக்கு அருட்பெருஞ்சோதியாகிறது. வடலூரில் 1872இல் தொடங்கிய அவரது சபையில் சோதியை ஏழு திரைகள் மறைக்கின்றன. தமிழில் ‘ஒளி’ பெயரானால் வெளிச்சம், வினையானால் மறை.

துறைமுகத்தில் பொருள் வேறு. கலங்கரை விளக்கத்தில் ‘கரைதல்’ என்பது அழைத்தல். கலத்தை அழைக்கும் விளக்கு அது. சென்னையில் அது 1796இல் கோட்டைக் கட்டடத்தின் மேல் தேங்காயெண்ணெயில் எரிந்தது. 1844இல் தனித் தூணுக்கும், 1894இல் உயர் நீதிமன்றக் கோபுரத்துக்கும், 1977இல் மெரினாவுக்கும் இடம் மாறியது. இந்த ஒளி அழைத்தது வணிகத்தை.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்து மீனவர் பிழைப்பைக் கெடுத்தது. வெளிச்சம் நகரம் முழுவதற்கும். சாம்பல் இங்கே, நகரத்தின் கண்ணில் படாமல். பெயரும் வினையும் ஒரே ஊரில் சந்தித்தன.

வங்கிகளின் லாப நட்டக் கணக்குக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த படிவத்தில் ‘வாடகை, வரி, விளக்கு’ என்று ஒரு செலவினம் உண்டு. குமாஸ்தாவான எனக்கு, நம் கவிதைகளில் வரும் ஒளியைவிட அந்த வரியில் உள்ள விளக்கு நம்பத் தகுந்ததாகப் படுகிறது. ஒளியைப் பாட வேண்டாம் என்பதல்ல. பாடுகிறவன் செலவுப் பக்கத்தையும் பார்த்திருக்க வேண்டும்.