ரோஷமான குத்துச்சண்டை: கூட்டம் எதைப் பார்க்க வருகிறது?

ஐஸ் ஹாக்கி என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. புதுச்சேரி வெயிலுக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஒரு ரப்பர் வில்லையை மட்டையால் துரத்தும் ஆட்டம். யூட்யூபில் தேடிப் பாருங்கள், கோல்களோடு போட்டி போட்டுக்கொண்டு சண்டைகளும் வந்து நிற்கும். இரண்டு பேர் மட்டையைக் கீழே போடுகிறார்கள், கையுறையை உதறுகிறார்கள், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு குத்திக்கொள்கிறார்கள். நடுவர்கள் பக்கத்திலேயே நின்று பார்க்கிறார்கள்! ஒருவர் கீழே விழுந்த பிறகுதான் விலக்குகிறார்கள். அரங்கமே எழுந்து நின்று கத்துகிறது.

கால்பந்தில் ஒருவரைக் குத்தினால் சிவப்பு அட்டை, நேராக வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் ஐந்து நிமிஷம் வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வந்து ஆடலாம். 1922-ல் எழுதிய விதி இது. லீக் தொடங்கி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. சண்டையை ஒழிக்காமல் அதற்கு ஒரு விலை மட்டும் போட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே, 1875-ல் மான்ட்ரியலில் நடந்த முதல் உள்ளரங்க ஆட்டமே அடிதடியில்தான் முடிந்தது என்று அந்தக் காலத்துப் பத்திரிகை எழுதியிருக்கிறது.

சண்டையை எடுத்துவிட்டால் கூட்டம் வராது என்பது அங்கே ரொம்ப நாளாகச் சொல்லப்படும் வாதம். அது உண்மையா? ஒரு விளையாட்டைப் பார்க்க ஆயிரக்கணக்கான பேர் காசு கொடுத்து வருவது எதற்காக? அடியையும் ரத்தத்தையும் பார்க்கத்தானா?

இதற்குப் பதில் தேட கனடா வரை போக வேண்டாம். நம் ஊரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினால் 150 கிலோமீட்டர் சொச்சத்தில் சென்னை. அடியையே விளையாட்டாக வைத்து, அதற்காகவே கூட்டம் கூடிய ஒரு வரலாறு வட சென்னையில் இருக்கிறது.

வாத்தியாரும் பரம்பரையும்

2021-ல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு இந்தப் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. படத்தின் கதை கற்பனை. ஆனால் பரம்பரைகள் நிஜம். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பல இருந்தன. பரம்பரை என்றால் இங்கே ரத்த உறவு இல்லை. ஒரு வாத்தியாரிடம் கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று நீளும் வரிசை. சங்கீதத்தில் ஒரு பாணி என்று சொல்வோமே, அந்த மாதிரி. ஒரே பரம்பரைக்குள் பல சாதிக்காரர்களும் மதத்தவர்களும் இருந்தார்கள்.

இது ஏன் வட சென்னையில் வேர் பிடித்தது? காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். துறைமுகம் அங்கே. வெள்ளைக்காரச் சிப்பாய்களும் கப்பல்காரர்களும் வந்து போகும் இடம். பக்கத்தில் பெரம்பூர் ரயில்வே பணிமனை, அதைச் சுற்றி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். கிளவுஸ் போட்டு ஆடும் 'இங்கிலீஷ் பாக்ஸிங்' இவர்கள் வழியாக வந்தது. சிலம்பமும் வெறுங்கைக் குத்தும் தெரிந்த உள்ளூர் ஆட்கள் அதைப் பார்த்தார்கள், கற்றார்கள், பிறகு கற்றுக்கொடுத்தவர்களோடே மோதினார்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி... மீனவர்களும் துறைமுகக் கூலிகளும் ரிக்‌ஷாக்காரர்களும் பகலில் உழைத்துவிட்டு மாலையில் பயிற்சி எடுத்தார்கள். 1940களில் சார்பட்டாவின் கித்தேரி முத்து, டெர்ரி என்ற ஆங்கிலோ இந்திய வீரரை வீழ்த்திய கதை அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. வெள்ளைக்காரன் ஆட்சியில் அவனுடைய ஆட்டத்திலேயே நம்ம ஆள் ஜெயிப்பது என்றால் சும்மாவா?

இந்தப் போட்டிகளுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது: 'ரோஷமான குத்துச்சண்டை'. பயங்கரமான சண்டை, ரத்தச் சண்டை என்று வைக்கவில்லை, கவனியுங்கள். ரோஷம் என்றால் மானத்தோடு சேர்ந்த கோபம். என்னை மட்டும் தொட்டால் வலி, என் பேரைத் தொட்டால் ரோஷம். பி.காம். படிப்பவன் கண்ணோடு பார்த்தால், டிக்கெட் வாங்கியவர்களுக்கு அங்கே விற்ற சரக்கு ரோஷம்தான். குத்து அதைச் சுற்றிக் கொடுத்த காகிதம்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? வெறும் அடியைப் பார்க்க வேண்டுமென்றால் சாராயக்கடை வாசலில் தினமும் இலவசமாகவே கிடைத்திருக்கும். அதற்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. கண்ணப்பர் திடலிலும் நேரு ஸ்டேடியத்திலும் கூட்டம் கூடியது, மேடையில் நிற்பவர் 'நம்ம பரம்பரை' என்பதற்காக. அவர் வாங்கும் குத்து ஒரு தெரு முழுக்க வலிக்கும். அவர் ஜெயித்தால் ஒரு பேட்டைக்கே தலை நிமிரும்.

முறை என்கிற கயிறு

இரண்டாவது காரணம் முறை. தெருச்சண்டைக்கும் குத்துச்சண்டைக்கும் நடுவில் இருப்பது மேடையைச் சுற்றிக் கட்டிய கயிறு மட்டும் இல்லை, விதிகளும்தான். 1867-ல் லண்டனில் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் நவீன குத்துச்சண்டைக்கு அடிப்படை. கையுறை கட்டாயம், மூன்று நிமிஷம் ஒரு ரவுண்டு, நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு, விழுந்தவர் எழுந்திருக்கப் பத்து எண்ணிக்கை.

இந்தப் பத்து எண்ணிக்கையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விழுந்தவரை அடிக்கக் கூடாது, அவர் எழும்வரை காத்திருக்க வேண்டும் என்பது வீரருக்கான பாதுகாப்பு. ஆனால் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் அந்தப் பத்து நொடியில்தான். யாரும் யாரையும் அடிக்காத நேரம் அது! எழுவாரா மாட்டாரா என்ற ஒரே கேள்விதான் அங்கே நடக்கிறது.

ஐஸ் ஹாக்கி சண்டையிலும் எழுதாத முறைகள் உண்டு. இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். மட்டையால் அடிக்கக் கூடாது. விழுந்தால் நிறுத்த வேண்டும். 2004-ல் டாட் பெர்டூஸி என்ற வீரர், சண்டைக்கு வராமல் போய்க்கொண்டிருந்த ஸ்டீவ் மூரைப் பின்னாலிருந்து தாக்கினார். மூரின் கழுத்து எலும்பு முறிந்தது, அதன் பிறகு அவர் என்.எச்.எல்.லில் ஆடவே இல்லை. லீக் பெர்டூஸியை இடைநீக்கம் செய்தது, கனடாவில் கிரிமினல் வழக்கும் நடந்தது. சண்டையை ரசித்தே பழகிய நாட்டில் அந்தக் குத்து ஒரு அவமானமாகத்தான் பேசப்பட்டது. முறை போனால் ரசனையும் போய்விடுகிறது.

கபடியையும் சொல்ல வேண்டும். 2014-ல் ப்ரோ கபடி லீக் தொடங்கியபோது, தொலைக்காட்சியில் கபடியை யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. முதல் சீசனைப் பார்த்தவர்கள் 43 கோடிக்கும் மேல் என்று கணக்கு வந்தது. 30 நொடிக்குள் ரெய்டை முடிக்க வேண்டும், ஒரு அணி தொடர்ந்து இரண்டு முறை புள்ளி எடுக்காமல் திரும்பினால் மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரெய்டர் அவுட். குத்தும் இல்லை, ரத்தமும் இல்லை. ஒரு விதியை வைத்தே நெஞ்சு படபடப்பை உண்டாக்கிவிட்டார்கள். அவ்வளவு ஏன், எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெத்தாங்க் ஆட்டம் இருக்கிறதே, இரும்புக் குண்டைச் சின்னக் குண்டுக்குப் பக்கத்தில் வீசுவது. ஒருவரை ஒருவர் தொடக்கூட மாட்டார்கள். ஆனாலும் கடைசிக் குண்டு வீசும்போது சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பாருங்கள்.

அலி வந்தபோது

1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்தார். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் ஒரு காட்சிப் போட்டி ஆடினார். எல்லிஸ் முன்னாள் உலக சாம்பியன், அலியின் ஊர்க்காரர், பல காலம் பயிற்சித் தோழர். அப்போது முதல்வராக இருந்த எம்.ஜி.ஆர். நேரில் வந்து பார்த்தார். காட்சிப் போட்டி என்றால் நிஜச் சண்டை இல்லை என்று கூட்டத்துக்கும் தெரியும். இருந்தும் ஸ்டேடியம் நிறைந்தது. அலியை வட சென்னைக்காரர்கள் ஏற்கனவே தங்கள் பரம்பரையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்தக் காட்சிக்குப் பின்னால் இன்னொரு கணக்கு இருக்கிறது. அதே 1980 அக்டோபரில் அலி ஓய்விலிருந்து திரும்பி லாரி ஹோம்ஸுடன் மோதி, பார்க்கவே முடியாத அளவுக்கு அடி வாங்கினார். 1984-ல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்தது. இடையில் 1982-ல் தென் கொரியாவின் கிம் துக்-கூ லாஸ் வேகாஸில் 14-ஆவது ரவுண்டில் விழுந்து, சில நாட்களில் இறந்தார். அதன் பிறகுதான் உலக குத்துச்சண்டை கவுன்சில் பட்டப் போட்டிகளை 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறைத்தது. ஐஸ் ஹாக்கியில் சண்டைக்கென்றே சம்பளம் வாங்கிய டெரெக் பூகார்ட் 2011-ல் 28 வயதில் இறந்தபோது, திரும்பத் திரும்ப அடி வாங்கியதால் வரும் மூளைச் சிதைவு அவருக்கு இருந்ததைப் பரிசோதனையில் கண்டார்கள்.

கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒன்று படிக்கிறோம். ஒரு மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அதன் தேய்மானத்தைக் கழித்து, புது மெஷினுக்குப் பணம் ஒதுக்கச் சொல்வார்கள். குத்துச்சண்டைக்காரரின் முதல், அவருடைய தலையும் கையும்தான். அதன் தேய்மானத்தை எந்தப் போட்டி அமைப்பாளர் புத்தகத்தில் எழுதினார்? வட சென்னை வீரர்களுக்குக் கிடைத்த பரிசு சொற்பம். கைதட்டல் நின்ற பிறகு மூட்டை தூக்கவும் வண்டி இழுக்கவும் போனவர்கள் அநேகம். சிலர் அடியாட்களாகவும் மாறினார்கள்.

கயிற்றுக்கு வெளியே

பரம்பரைச் சண்டை எப்படித் தேய்ந்தது? ரசிகர்களுக்கு அலுத்துப்போனதால் இல்லை. ரோஷம் கயிற்றைத் தாண்டி வெளியே வழிந்துவிட்டது. தோற்ற பக்கத்தின் கோபம் கலாட்டாவாக மாறியது, அரசியல் கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள், போலீஸ் அனுமதி கிடைப்பது கஷ்டமானது. இன்னொரு பக்கம், நன்றாக ஆடும் பையன்கள் அமெச்சூர் குத்துச்சண்டைக்குப் போனார்கள். அதில் பதக்கம் வாங்கினால் ரயில்வேயிலோ ராணுவத்திலோ வேலை கிடைக்கும். யோசித்துப் பார்த்தால், வீரனின் தேய்மானத்துக்கு முதன்முதலில் பணம் ஒதுக்கியது அந்த ஸ்போர்ட்ஸ் கோட்டாதான். சென்னையின் தேவராஜன் 1994-ல் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது இந்தப் பாதையில்தான்.

ஆக, சண்டையை எடுத்தால் கூட்டம் வராது என்ற வாதத்துக்கு வருவோம். என்.எச்.எல்.லில் 2000களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் சண்டைகளின் எண்ணிக்கை இப்போது பாதிக்கும் கீழே. கூட்டம் குறைந்ததா? 2023-24 சீசனில் அரங்குக்கு வந்தவர்கள் 2 கோடிக்கும் மேல், அதுவரை இல்லாத அளவு. அணிகள் 30-லிருந்து 32 ஆனதும் ஒரு காரணம்தான். ஆனால் சண்டை குறைந்ததால் யாரும் வீட்டிலேயே இருந்துவிடவில்லை. கியூபெக்கின் ஜூனியர் லீக் 2023-ல் ஒரு படி மேலே போய், சண்டை போட்டால் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றுவது என்று விதி கொண்டுவந்தது.

அடிக்குக் கூட்டத்தை ஒரு நாள் இழுக்க முடியும். ஐம்பது வருஷம் உட்கார வைக்க, நம்ம ஆள் ஒருவர் வேண்டும், எல்லோரும் மதிக்கும் முறை வேண்டும், தோற்றால் வலிக்கும் என்ற ரோஷம் வேண்டும். இந்த மூன்றுக்கும் யாருடைய மூளையும் சிதைய வேண்டிய அவசியம் இல்லை. வட சென்னைக்காரர்கள் பெயர் வைக்கும்போதே இதைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். விளையாட்டை நடத்துகிறவர்கள்தான் காகிதத்தைச் சரக்கு என்று நினைத்து விற்கிறார்கள், டிக்கெட் வாங்கும் நாமும் பல நேரம் அதைக் கேட்டு வாங்குகிறோம்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? சண்டை இல்லாத ஐஸ் ஹாக்கியை விடுங்கள், தலையில் குத்தக் கூடாது என்று ஒரு விதி வந்தால் குத்துச்சண்டை பார்க்கப் போவீர்களா? நான் போவேன். மேடையில் நிற்பவர் எங்க ஊர்க்காரராக இருந்தால் முதல் வரிசையிலேயே உட்காருவேன்.