இடித்ததும் எழுப்பியதும்: ஃபிளாரன்ஸில் ஒரு நடை

ஃபிளாரன்ஸின் மையப்பகுதி சிறியது. பேராலயச் சதுக்கத்திலிருந்து அர்னோ ஆற்றங்கரைக்குச் சற்று விரைந்து நடந்தால் பத்து நிமிடத்தில் போய்விடலாம். வழிகாட்டியுடன் செல்லும் நடைச்சுற்றுலாக்கள் இந்தப் பத்து நிமிடத் தொலைவை இரண்டு மணிநேரமாக விரித்துக்கொள்கின்றன. நான் சேர்ந்துகொண்ட குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தோம். வழிகாட்டி கலைவரலாறு படித்த உள்ளூர்ப் பெண்மணி. சங்கடமான ஆண்டுகளைச் சொல்ல நேரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளாத நேர்மை அவரிடம் இருந்தது. 'இடைக்கால நகரில் ஓர் உலா' என்ற விளம்பரத்தை நம்பி வந்திருந்த எங்களுக்கு, முதல் நிறுத்தத்திலேயே அவர் சொன்ன ஆண்டு 1887.

நாங்கள் அப்போது சான்டா மரியா டெல் ஃபியோரே பேராலயத்தின் முகப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளை, பச்சை, செம்மை என்று மூவண்ணப் பளிங்கில், கல்யாணப் பட்டின் முந்தானைபோல இழைத்த முகப்பு. ஆலயத்தின் பணி 1296இல் அர்னோல்ஃபோ டி காம்பியோவின் திட்டப்படி தொடங்கியது. புரூனலெஸ்கியின் மாபெரும் குவிமாடம் 1436இல் நிறைவுற்றது. ஆனால் முகப்பின் பணி பாதிக்கு மேல் எழவில்லை. அந்தப் பாதியையும் 1587இல் மெடிச்சி அரசு காலத்துக்கு ஒவ்வாதது என்று கருதி இடிக்கத் தொடங்கியது. அதற்குப்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் உலகின் புகழ்பெற்ற அந்த ஆலயம் முகமின்றி, வெறும் சுவராகத்தான் நின்றது. இன்று நாம் காண்பது எமிலியோ டி ஃபாப்ரிஸ் வரைந்தளித்தது. அவர் 1883இல் இறந்தார், முகப்பு 1887இல் திறக்கப்பட்டது. தாந்தேயோ மைக்கலாஞ்சலோவோ கலிலியோவோ இதைக் கண்டதில்லை. எதிரே ஞானஸ்நானக் கூடத்தில் ஒளிரும் கிபெர்ட்டியின் பொற்கதவுகளும் 1990இல் பொருத்திய படிகள்தாம். மூலக் கதவுகள் பேராலயத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1966ஆம் ஆண்டின் அர்னோ வெள்ளம் அவற்றிலிருந்து ஐந்து தகடுகளைப் பெயர்த்தெறிந்திருந்தது.

குழுவில் ஒருவர் ஏமாற்றத்தோடு முணுமுணுத்தார். எனக்கு ஏமாற்றம் இல்லை. முகப்பில்லாத ஆலயத்துக்கு ஒரு முகப்பைத் தைத்ததில் யாருக்கும் இழப்பில்லை. மேலும், ஜியோட்டோவின் மணிக்கூண்டுக்கு அருகே நிற்கும் துணிவு அந்த முகப்புக்கு ஓரளவு இருக்கத்தான் செய்கிறது. உண்மையான இழப்பின் கதை அடுத்த நிறுத்தத்தில் இருந்தது.

ரோமா தெரு வழியாகத் தெற்கே மூன்று நிமிடம் நடந்தால் பியாட்ஸா டெல்லா ரெபுப்ளிக்கா என்ற குடியரசுச் சதுக்கம் வரும். அகன்ற வெளி, குழந்தைகளுக்கான ராட்டினம், சுற்றிலும் காப்பியகங்கள், மேற்கே வெற்றிவாயில் போன்ற பெரும் வளைவு. சுற்றுலாக்கள் இங்கே நிற்பது பெரும்பாலும் காப்பி குடிக்கத்தான். அழகிய சதுக்கம் என்று எவரும் இதைச் சொல்வதில்லை. ஃபிளாரன்ஸின் பிறப்பிடம் இதுதான் என்பதும், அந்தப் பிறப்பிடத்தில் பழைய கல் ஏறக்குறைய ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதும் தெரிந்தால், அந்த அழகின்மையின் காரணம் புரியும்.

ரோமானியர்களின் ஃப்ளோரென்டியா குடியேற்றத்தின் பொதுமன்றம் இங்கே இருந்தது. நகரின் இரு முதன்மைச் சாலைகள் ஒன்றையொன்று வெட்டிய இடத்தில் இன்று ஒரு தூண் நிற்கிறது. ரோமானிய மன்றம் இடைக்காலத்தில் சந்தையாயிற்று. மெர்க்காட்டோ வெக்கியோ, அதாவது பழைய சந்தை என்று பெயர். இறைச்சி, காய்கறி, கோழி, பழந்துணி விற்போரின் கடைகள். அவற்றின் நடுவே சிற்றாலயங்கள், குடும்பக் கோபுரங்கள், தொழிற்குழுக்களின் இல்லங்கள். தூணின் உச்சியில் டோனடெல்லோ செதுக்கிய வளமைத் தேவதை நின்றாள். வெயிலும் மழையும் தின்று 1721இல் அவள் கீழே விழுந்து நொறுங்கினாள். மீன் விற்போருக்காக 1568இல் வசாரி ஒரு தூண்மண்டபம் கட்டிக்கொடுத்தார். ஓவியர்களின் வரலாற்றை எழுதிய அதே வசாரிதான். சந்தையை ஒட்டி, முதலாம் கோசிமோவின் ஆணைப்படி 1571இல் யூதர்களை அடைத்துவைக்கும் கெட்டோ உருவாயிற்று. இரவில் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். பரப்பைப் பெருக்க முடியாததால் வீடுகள் மாடிமேல் மாடியாக உயர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடைப்பு விலகியதும் வசதியுள்ளவர்கள் வெளியேறினர். வெற்றிடத்தில் நகரின் பரம ஏழைகள் வந்து குடியேறினர்.

1865இல் புதிய இத்தாலிய அரசின் தலைநகராக ஃபிளாரன்ஸ் தேர்வாயிற்று. ஜூசெப்பே போஜ்ஜி என்ற கட்டடக் கலைஞர் ஆற்றின் வடகரையிலிருந்த இடைக்கால மதிலை இடித்து, அந்த இடத்தில் அகன்ற சாலைகளை வளைத்தார். ஆனால் 1871இல் தலைநகரம் ரோமுக்குப் போய்விட்டது, கடன் மட்டும் ஃபிளாரன்ஸில் தங்கியது. 1878இல் நகராட்சியே திவாலாயிற்று. இந்நிலையில் 1884இல் நேப்பிள்ஸில் காலரா பரவியது. அந்நகரைச் சுத்திகரிக்க 1885இல் இயற்றிய சட்டம் பிற நகரங்களுக்கும் ஒரு வாசலைத் திறந்துவிட்டது. சுகாதாரத்தின் பெயரால் பழைய சந்தையும் கெட்டோவும் அவற்றைச் சூழ்ந்த சந்துகளும் அடுத்த பத்தாண்டுகளில் தரைமட்டமாயின. சான் டொம்மாஸோ, சான்ட் அன்ட்ரேயா முதலிய பழைய ஆலயங்களும் போயின. ஏறத்தாழ ஆறாயிரம் பேர் அங்கிருந்து பெயர்ந்தனர்.

சுகாதாரக் காரணம் முழுப்பொய் என்று நான் சொல்லமாட்டேன். நெரிசலும் நோயும் உண்மை. அங்கே ஒருநாள்கூட வசித்திராத நாம் அந்தச் சந்துகளின் கவித்துவத்துக்காக ஏங்குவது எளிது. ஆனால் வெளியேறியவர்களுக்காக அந்த இடத்தில் நல்ல வீடுகள் எழவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். எழுந்தவை ஓட்டல்கள், காப்பியகங்கள், பெருங்கடைகள். நடுவில் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் மன்னரின் குதிரைச்சிலை. (அதை 1932இல் காஷினே பூங்காவின் வாயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1870இல் இந்நகரில் இறந்து, ஆற்றங்கரையில் எரியூட்டப்பெற்ற கோலாப்பூர் இளவரசர் ராஜாராமின் நினைவுமண்டபம் அப்பூங்காவின் மறுகோடியில் உள்ளது. இந்தியப் பயணிகளுக்கு இதை யாராவது சொல்லலாம்.)

1895இல் முடிந்த பெருவளைவின் உச்சியில் ஒரு கல்வெட்டு உள்ளது. நூற்றாண்டுகளின் இழிநிலையிலிருந்து நகரின் தொன்மையான மையம் புதுவாழ்வுக்கு மீட்கப்பட்டது என்று அது பெருமிதம் கொள்கிறது. வழிகாட்டி அதை நிறுத்தி நிதானமாக இருமுறை மொழிபெயர்த்தார். வளைவை வடிவமைத்தவர் வின்சென்ட்ஸோ மிக்கேலி. 1882இல் கிழக்குப் பகுதியில் திறக்கப்பட்ட புதிய யூத வழிபாட்டுக் கூடத்தை வடிவமைத்த மூவரில் அவரும் ஒருவர். பச்சைச் செம்புக் குவிமாடத்தோடு நகரெங்கிருந்தும் தெரியும் கூடம் அது. ஒரே கை யூதர்களின் விடுதலைக்கு ஓர் ஆலயத்தையும், அவர்களின் பழைய தெருக்கள் அழிந்ததற்கு ஒரு வெற்றிவாயிலையும் வரைந்திருக்கிறது.

மிஞ்சியவை சொற்பம். டெலெமாக்கோ சிக்னோரினி இடிப்புக்கு முன் பழைய சந்தையை ஓவியமாகத் தீட்டினார். கொரிந்தோ கொரிந்தி வீடுகளையும் சந்துகளையும் ஒவ்வொன்றாக அளந்து வரைந்தார். தூண்தலைகள், கதவுநிலைகள், குலச்சின்னங்கள் என்று பொறுக்கியெடுத்த கற்கள் சான் மார்க்கோ மடத்து அருங்காட்சியகத்துக்குப் போயின. ஃபிரா ஆஞ்செலிகோவைத் தேடிவருவோர் அவற்றைக் கவனிப்பதில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இச்சதுக்கம் வேறொரு வகையில் பரிச்சயமானது. ஜுப்பே ரோஸ்ஸே காப்பியகம் இங்கேதான் இருந்தது. 1911இல் சொஃபிச்சி எழுதிய விமரிசனத்தால் வெகுண்ட மரினெட்டியும் பொச்சோனியும் மிலானிலிருந்து வந்து அவரை அங்கே வைத்து அடித்தார்கள். பின்னாளில் மொந்தாலே அங்கே வழக்கமாக அமர்ந்தார். அருங்காட்சியகங்களையும் நூலகங்களையும் அழிக்கவேண்டும் என்று 1909இல் முழங்கியவர்கள் எதிர்காலவாதிகள். அவர்கள் கைகலப்புக்குத் தேர்ந்த இடம், இருபதாண்டுகளுக்கு முன் நகராட்சியே அமைதியாக அழித்து முடித்திருந்த இடம்.

எதிர்ப்பு தாமதமாகத்தான் வந்தது. இடிப்புத் திட்டம் ஆற்றை நோக்கி, பொன்டே வெக்கியோ பாலத்தை ஒட்டிய தெருக்களுக்கு நீளவிருந்தபோது, 1898இல் பழைய ஃபிளாரன்ஸைக் காக்க ஒரு சங்கம் உருவாயிற்று. நகரருகே வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் வெர்னன் லீ லண்டன் டைம்ஸுக்குக் கடிதம் எழுதினார். திட்டம் கைவிடப்பட்டது. அத்தெருக்களுக்குப் பிறகு நேர்ந்ததை ஆற்றங்கரையில் சொல்வதாக வழிகாட்டி கூறினார்.

கிழக்கே தாந்தேயின் வீடு. 1911இல் கட்டி முடித்த தாந்தேயின் வீடு என்று சொல்லவேண்டும். தாந்தே குடும்பம் அப்பகுதியில் வாழ்ந்தது உண்மை, எதிரிலுள்ள கஸ்தாஞ்ஞா கோபுரமும் உண்மையிலேயே பழையது. 1302இல் நாடுகடத்தி, திரும்பிவந்தால் உயிரோடு எரிப்போம் என்று தீர்ப்பெழுதிய நகரம், அறுநூறு ஆண்டுகள் கழித்து அவருக்கு வீடு கட்டிக்கொடுத்தது. உடல் இன்னும் ராவென்னாவில்தான் இருக்கிறது.

சின்யோரியா சதுக்கத்தில் கூட்டம் அலைமோதியது. 1504இல் நிறுவிய தாவீதுச் சிலை 1873இல் உள்ளரங்கத்துக்குப் போயிற்று, வாசலில் நிற்பது 1910இல் வைத்த படி. 1498இல் சவோனரோலாவைத் தூக்கிலிட்டு எரித்த இடத்தில் வட்டக்கல் ஒன்று பதித்திருக்கிறது. என்னைக் கவர்ந்தது வேறு. இந்தச் சதுக்கமே ஓர் இடிப்பில் பிறந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கட்சிப்போரில் தோற்ற உபெர்ட்டி குடும்பத்தாரின் வீடுகளை வென்றவர்கள் இடித்தார்கள். அந்த மண்ணில் இனி எதுவும் எழக்கூடாது என்பதால்தான் அரண்மனையைக் கோணலாகக் கட்டினார்கள் என்று வில்லானியின் பழைய நாளாகமம் சொல்கிறது. அந்த இடிப்பில் பகை இருந்தது, ஆனால் மறைப்பில்லை.

உஃப்பிட்ஸிக்குப் பின்னால் ஜார்ஜோஃபிலி தெருவில் குழு மௌனமாயிற்று. 1993 மே 27 நள்ளிரவுக்குப்பின் மாஃபியா வைத்த கார்குண்டு இங்கே ஐந்து பேரைக் கொன்றது. அவர்களில் ஒருத்தி பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தை. சிதைந்த புல்ச்சி கோபுரத்தை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். ஓர் ஒலிவ மரம் நிற்கிறது.

பிறகு ஆறு. 1944 ஆகஸ்ட் 3, 4 தேதிகளின் இடைப்பட்ட இரவில், பின்வாங்கிய ஜெர்மன் படை ஃபிளாரன்ஸின் பாலங்களைத் தகர்த்தது. 1345இல் எழுந்த பொன்டே வெக்கியோவை மட்டும் விட்டுவைத்து, அதைக் கடக்க இயலாதபடி இரு முனைகளிலும் இருந்த இடைக்காலத் தெருக்களைக் கண்ணிவெடியால் சரித்தது. 1898இல் மன்றாடிக் காத்த தெருக்களில் பல அந்த ஓரிரவில் போயின. பாலத்தின் இருபுறமும் இன்று நிற்கும் மந்தமான கட்டடங்கள் போருக்குப் பின்னையவை. எப்படிக் கட்டுவது என்பதில் பெரும் சண்டை நடந்தது. இருந்த இடத்தில் இருந்தபடியே கட்டவேண்டும் என்றார் பெரென்சன். அது பொம்மை நகரமாகிவிடும் என்று பியான்கி பந்தினெல்லி போன்றோர் மறுத்தனர். தெருக்களில் இரு தரப்புமே வெல்லவில்லை.

அடுத்த பாலத்தில் பெரென்சன் தரப்பு வென்றது. அம்மன்னாட்டி 1567இல் தொடங்கிய சான்டா ட்ரினிடா பாலத்தின் கற்களை ஆற்றின் அடியிலிருந்து எடுத்தார்கள். போதாததற்குப் பழைய கற்சுரங்கத்தை மீண்டும் திறந்தார்கள். அந்த வளைவுகளின் நுட்பமான கோட்டைப் பழைய அளவுகளைக்கொண்டு மீட்டு, 1958இல் பாலத்தைத் திறந்தார்கள். மூலைகளில் நிற்கும் நான்கு பருவங்களின் சிலைகளில் வசந்தத்துக்கு மட்டும் தலை இல்லை. 1961இல் ஆற்றுமணலில் அது கிடைத்தது. சிலையை நெருங்கிப் பார்த்தால் கழுத்தில் ஒட்டு தெரியும்.

வழிகாட்டி அங்கே விடைபெற்றார். நான் கிழக்கே நடந்து சான்டா குரோச்சே பகுதியில் சியோம்பி சதுக்கத்தைத் தேடிப்போனேன். சியோம்பி என்போர் 1378இல் கிளர்ந்தெழுந்து சிறிது காலம் ஆட்சியில் பங்கேற்ற கம்பளித் தொழிலாளர்கள். அவர்களின் பெயர் தாங்கிய இச்சதுக்கமே 1930களில் ஏழைகளின் வீடுகளை இடித்து உண்டாக்கிய வெளிதான், அப்போதும் காரணம் சுகாதாரம். பழைய சந்தையிலிருந்து பிரித்தெடுத்து, அரை நூற்றாண்டுக்கு மேல் கற்களாகக் கிடந்த வசாரியின் மீன்மண்டபத்தை 1956இல் இங்கே பொருத்தினார்கள். தூண்களுக்கு மேலே வட்டக் கற்களில் மீன்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. நிழலில் இரண்டு முதியவர்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சுற்றுலாக் குழு எதுவும் அங்கே இல்லை.