கார்க் கதவின் மின்பூட்டு: வரலாறும் இயக்கமும்

ஒரு பொத்தானை அழுத்தியதும் காரின் எல்லாக் கதவுகளையும் பூட்டவோ திறக்கவோ செய்யும் அமைப்பு மின்பூட்டு எனப்படும். பேச்சு வழக்கில் இதனைச் சென்ட்ரல் லாக் என்பர். வெளியில் இருப்பவர் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பவர் எந்நேரமும் வெளியேற முடிய வேண்டும் என்ற இரண்டு தேவைகளை இப்பூட்டு நிறைவேற்ற வேண்டும். இதன் வரலாற்றில் முதல் தேவைக்குக் கிடைத்த கவனம் இரண்டாவதற்கு வெகு தாமதமாகவே கிடைத்தது.

தொடக்கம்

1956-இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தன் கார்களில் மின்சாரக் கதவுப்பூட்டை வழங்கியது. அப்போது அது செல்வந்தர்களுக்கான வசதி. அடுத்த பெரிய மாற்றம் 1982-இல் பிரான்சில் நிகழ்ந்தது. ரெனோ நிறுவனத்தின் ஃபூயெகோ காரில், அகச்சிவப்புக் கதிரால் தொலைவிலிருந்தே பூட்டைத் திறக்கும் ரிமோட் சாவி அறிமுகமானது. அதை உருவாக்கிய பால் லிப்ஷுட்ஸின் பெயரை ஒட்டி அச்சாவி பிரெஞ்சில் 'ப்ளிப்' என்றே வழங்கலாயிற்று.

தொடக்ககால ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டையே அனுப்பின. அதைப் பதிவு செய்து மீண்டும் ஒலிபரப்பினால் திருடனுக்கும் கதவு திறக்கும். எனவே அழுத்தும்போதெல்லாம் மாறும் 'உருளும் குறியீடு' 1990-களில் பரவியது. அவற்றுள் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கீலாக் என்னும் முறை புகழ்பெற்றது.

திருவள்ளூருக்கு வந்த கதை

இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் காரில் ஒவ்வொரு கதவையும் தனித்தனியே கையால்தான் பூட்ட வேண்டியிருந்தது. அதைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே, ஜப்பானின் மிட்சுபிஷியுடன் இணைந்து 1998-இல் திருவள்ளூர் அருகே லான்சர் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. அதே காலத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், மறைமலை நகரில் ஃபோர்டு ஆகிய ஆலைகளும் எழுந்தன. சென்னையைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்கூடங்கள் பெருகின. கும்மிடிப்பூண்டியில் ஜப்பானின் மிட்சுபா நிறுவனம் மழைத்துடைப்பான் மோட்டார் போன்ற மின்பாகங்களைத் தயாரிக்கும் ஆலையை அமைத்தது. துடைப்பான், சன்னல் கண்ணாடி, கதவுப்பூட்டு ஆகிய மூன்றையும் இயக்குவது 12 வோல்ட் நேர்மின் மோட்டார்தான்.

விலை குறைந்த கார் வாங்கியவர்கள் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற கடைத்தெருக்களில் சென்ட்ரல் லாக் செட் வாங்கிப் பொருத்திக்கொண்டனர். திருவள்ளூர் ஆலையில் இன்று பிரான்சின் சிட்ரோன் கார்கள் தயாராகின்றன. 2021-இல் சி5 ஏர்கிராஸ், 2022-இல் சி3 ஆகியவை விற்பனைக்கு வந்தன.

இயங்கும் முறை

கதவைப் பிடித்து வைப்பது தாழ்ப்பாள், பூட்டு வேறு. கதவின் விளிம்பில் உள்ள சுழலும் கொக்கி, தூணில் உள்ள இரும்பு வளையத்தைப் பற்றிக்கொள்கிறது. இதுவே தாழ்ப்பாள். கைப்பிடிக்கும் தாழ்ப்பாளுக்கும் உள்ள இணைப்பைத் துண்டிப்பது பூட்டு. பூட்டிய கதவின் வெளிக் கைப்பிடியை இழுத்தால் அது வெறுமனே அசையும்; கொக்கி விடாது.

இத்துண்டிப்பைச் செய்ய ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சிறு மோட்டார் இருக்கிறது. பற்சக்கரங்கள் அதன் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டி, ஒரு நெம்புகோலைத் தள்ளுகின்றன. மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் மோட்டார் எதிர்ப்புறம் சுழன்று பூட்டைத் திறக்கிறது. மின்சாரம் ஒரு விநாடிக்கும் குறைவாகவே பாய்கிறது. பிறகு மின்சாரம் இல்லாவிட்டாலும் பூட்டு அதே நிலையில் நிற்கும். கட்டளையிடுவது காரின் கட்டுப்பாட்டுக் கணினி. பல கார்களில் அதுவே வண்டி வேகமெடுத்ததும் கதவுகளைப் பூட்டுகிறது. காற்றுப்பை விரிந்தால் திறந்துவிடுகிறது.

உள்ளிருப்பவரின் வழி

விபத்திலோ வெள்ளத்திலோ மின்சாரம் அறுந்தால், பூட்டிய கதவு பூட்டியபடியே இருக்கும். அப்போது உள்ளே இருப்பவர் கைவிசையால் திறக்க வழி இருந்தாக வேண்டும். 2019 ஜூலை 1 முதல் தயாராகும் பயணிகள் கார்களில், சென்ட்ரல் லாக்கை மீறிக் கையால் திறக்கும் ஏற்பாட்டை இந்திய அரசு கட்டாயமாக்கியது. பல கார்களில் உட்கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் பூட்டு விடுபடும். மறுமுறை இழுத்தால் கதவு திறக்கும்.

ஆனால் பின்கதவில் சிறார் பூட்டு போட்டிருந்தால் உட்கைப்பிடியே செயல்படாது. அவ்வேளையில் முன் இருக்கைக்கு வந்து அக்கதவு வழியே வெளியேறுவதே வழி. வாடகைக் கார்களில் பயணி, குறிப்பாகப் பெண்கள், சிறைப்படக்கூடாது என்பதால் சிறார் பூட்டுக்குத் தடை வந்தது. நிறுத்திய காருக்குள் விளையாடப் புகுந்த குழந்தைகள் வெளியேற முடியாமல் வெப்பத்தில் இறந்த துயரங்கள் நம் நாட்டில் நேர்ந்துள்ளன. ஆகவே நிறுத்திய காரை எப்போதும் பூட்டி, சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

சாவியை நகலெடுக்க முடியாதபடி காக்கும் குறியீட்டு நுட்பம் உலகெங்கும் பரவிய பிறகே, உள்ளிருந்து திறக்கும் எளிய கம்பி இந்தியாவில் சட்டமாயிற்று. தம் காரில் அது எப்படி இயங்குகிறது என்பதைக் கார் நிற்கும்போதே ஒருமுறை இழுத்துப் பார்த்து அறிந்துகொள்வது ஒவ்வொருவருக்கும் நல்லது.