ஓவர்டைம் மறைக்கும் தேக்கம்: வேலையில் நகர்கிறோமா, நிற்கிறோமா?

கடைசியாக உங்களுக்குச் சம்பளம் ஏறியது எப்போது? அதை ஏற்றியது யார்? முதல் கேள்விக்கு யோங் பெங் வட்டாரத்தில் பலரும் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

2022 மே 1-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியானது. 2025 பிப்ரவரி 1-இல் அது 1,700 வெள்ளிக்கு உயர்ந்தது. ஐந்து பேருக்கும் குறைவான ஆட்களை வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு மட்டும் அதே ஆண்டு ஆகஸ்டு 1 வரை அவகாசம். நல்ல செய்திதான். ஆனால் செம்பனை ஆலையில் பன்னிரண்டு ஆண்டு உழைத்து மெல்ல மெல்ல 1,650 வெள்ளிக்கு வந்து சேர்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிப்ரவரியில் அவருக்கும் 1,700 வெள்ளி, முந்தின வாரம் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் 1,700 வெள்ளி. அவர் கைக்கு ஐம்பது வெள்ளி கூடுதலாக வந்தது உண்மை. பன்னிரண்டு ஆண்டு அனுபவத்துக்கு இருந்த விலை அன்றோடு போய்விட்டதும் உண்மை.

இதை அவர் உணராமலே இருக்கக்கூடும். காரணம் ஓவர்டைம். மாதக் கடைசியில் கையில் வருவது 2,400 என்றால் ஏதோ ஏறிக்கொண்டே போவது போலத்தான் தோன்றும். அதைப் பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஊழியர் சேமநிதி வாரியத்தின் கணக்கறிக்கையை எடுங்கள். கைப்பேசியில் ஐ-அக்கவுன் செயலி இருந்தால் போதும். ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதி பிடிப்பதில்லை. அதனால் அந்த அறிக்கை ஓவர்டைம் கலக்காத சம்பளத்தையே காட்டும். தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 5,000 வெள்ளி வரை சம்பளம் உள்ளோருக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. 1,500 வெள்ளிக்கு மாதம் 360 வெள்ளி கட்டப்பட்டிருக்கும். 1,700 வெள்ளிக்கு 408. உங்கள் அறிக்கையில் 2022 பிற்பாதியிலிருந்து 360, 360 என்று வந்துகொண்டே இருந்து, 2025-இல் 408 ஆகி, அங்கேயே நின்றுவிட்டதா? அப்படியானால் உங்கள் சம்பளத்தை ஏற்றியது அரசாங்கச் சட்டம். உங்கள் கம்பெனி ஏற்றவில்லை.

வேலையில் இப்படித் தேங்கி நிற்பதைப் பற்றி அமெரிக்காவில் 1977-லேயே எழுதிவிட்டார்கள். ஃபெரன்ஸ், ஸ்டோனர், வாரன் என்ற மூன்று ஆய்வாளர்கள், இனிமேல் மேற்பதவி கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்ற கட்டத்தை ‘மேட்டுநிலம்’ என்று பொருள்படும் சொல்லால் குறித்தார்கள். மேட்டில் ஏறியாயிற்று, அதற்கப்பால் சமதரைதான் என்ற பொருளில். அந்தக் கட்டத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வேலை தெரியாதவர்கள் அல்லர். நன்றாக வேலை செய்பவர்கள், நிறுவனத்தைத் தாங்கிப் பிடிப்பவர்கள் என்பதும் அவர்கள் சொன்னதுதான். 1986-இல் ஜூடித் பார்ட்விக் இதையே மூன்றாகப் பிரித்தார். மேலே நாற்காலி இல்லாததால் வரும் தேக்கம் ஒன்று. செய்கிற வேலையில் கற்க ஒன்றும் மிச்சமில்லாததால் வரும் தேக்கம் இன்னொன்று. மூன்றாவது, வேலையைத் தாண்டி வாழ்க்கையே சலித்துப்போவது. எது நம்முடையது என்று தெரியாமல் மருந்து தேடினால் பணம்தான் வீணாகும். மேலே நாற்காலியே இல்லாத இடத்தில் இருந்துகொண்டு இன்னொரு சான்றிதழ் வாங்கினால், அது வரவேற்பறைச் சுவரில்தான் தொங்கும்.

நாற்காலி இல்லாத இடம் எப்படியிருக்கும் என்று நமக்கு வெளியார் சொல்லத் தேவையில்லை. ரப்பர் காலத் தோட்டத்தை நினைத்தால் போதும். பால்மரம் வெட்டுபவர், அவருக்கு மேல் மண்டோர், கங்காணி. அத்தோடு படி முடிந்துவிடும். அதற்கு மேலிருந்த கிராணி, கண்டக்டர் வேலைகளுக்கு ஆங்கிலம் வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியோ ஆறாம் ஆண்டோடு நின்றுவிடும். அந்த மேசைகளில் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் இருந்தார்கள். சங்கம்கூட வேறு வேறு: தொழிலாளிகளுக்கு 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், ஆபிஸ்காரர்களுக்குத் தனிச் சங்கம். பேச்சிலும் அந்தப் பிரிவு இருந்தது. லயத்தில் இருப்பவர் ‘வேலைக்குப்’ போவார். பங்களா ஓரத்தில் இருப்பவர் ‘உத்தியோகம்’ பார்ப்பார். தமிழ் படித்தவனுக்கு இந்த இரண்டு சொல்லுக்கும் இடையே உள்ள தூரம் உறுத்தும். முப்பது ஆண்டு மரம் வெட்டியும் ஒருவர் மரம் வெட்டுபவராகவே ஓய்வுபெற்றார் என்றால் அவர் சோம்பேறி என்றா அர்த்தம்? ஏணியில் அடுத்த படியை யாரும் வைக்கவேயில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின, நம்மவர்கள் தாமானுக்கு வந்தார்கள். இன்று தேக்கத்துக்குக் காரணம் வேறு. பெரும்பாலும் காகிதம்தான். ஆலையில் பாய்லர் எப்படி இயங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஆள் ‘ஹெல்ப்பர்’ என்ற பெயரிலேயே இருப்பார். பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் போடும் ஆள் ‘பொது வேலையாள்’. அடுத்த நாற்காலி காலியாக இருந்தும் வெளியிலிருந்து டிப்ளோமாவோடு ஒரு பையன் வந்து அதில் உட்காருவார். அவருக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் நம் ஆள்தான். உங்களிடம் வேலை கற்றுக்கொண்ட இரண்டாவது ஆள் உங்களுக்கே மேலாளராக வந்துவிட்டார் என்றால், இனி வேறு அறிகுறி தேட வேண்டாம்.

இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு கதவு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜேபிகே, எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. 1 முதல் 3 வரை எஸ்கேஎம், 4 டிப்ளோமா, 5 உயர் டிப்ளோமா. இதைப் பெற வகுப்புக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பிபிடி என்று ஒரு வழி உண்டு. ஏற்கெனவே பெற்ற அனுபவத்துக்கு அங்கீகாரம் தருவது அதன் வேலை. நீங்கள் செய்யும் தொழிலுக்கான தேசியத் தரப் பட்டியலை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு பணியையும் நீங்கள் செய்கிறீர்கள் என்பதற்கான ஆதாரத்தை ஒரு கோப்பாகத் தொகுக்க வேண்டும். அதை மதிப்பீட்டாளர் பார்ப்பார், கேள்வி கேட்பார், செய்து காட்டச் சொல்வார். எஸ்பிஎம்மில் கோட்டைவிட்டவர்களுக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆதாரம் என்றால் என்ன? வேலையிடத்தில் நீங்கள் செய்யும்போது எடுத்த படங்கள், நீங்கள் கையெழுத்திட்ட வேலைத்தாள்கள், பராமரிப்புப் பதிவேட்டின் நகல், கம்பெனி அனுப்பிய குறும்பயிற்சிகளின் சான்றிதழ், முதலாளியின் உறுதிக் கடிதம். இந்தக் கடைசி ஒன்றில்தான் பலர் தயங்குவார்கள், ‘கேட்டால் வேறு வேலை தேடுகிறான் என்று நினைப்பாரே’ என்று. நினைத்தால் நினைக்கட்டும். எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள் என்பதற்குச் சேமநிதி அறிக்கையும் ஒரு சான்று. இப்போதே படம் எடுக்கத் தொடங்குங்கள். வேலை மாறிய பிறகு பழைய ஆலைக்குள் கேமராவோடு நுழைய முடியாது. ஒரு எச்சரிக்கை: கோப்பும் வேண்டாம், நேர்காணலும் வேண்டாம், பணம் கட்டினால் போதும், எஸ்கேஎம் வீடு தேடி வரும் என்று யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள். மையம் ஜேபிகே அங்கீகாரம் பெற்றதா என்பதை முதலில் துறையிடமே கேட்டுவிடலாம்.

எந்தக் காகிதம் எந்த நாற்காலிக்கு என்பதும் முக்கியம். பாய்லர்மேன் தகுதி வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடமிருந்து வருவது. வயர்மேன், சார்ஜ்மேன் தகுதி எரிசக்தி ஆணையம் தருவது. எஸ்கேஎம் கையில் இருப்பதாலேயே இவை தாமாக வந்துவிடாது. லோரி ஓட்டுபவருக்கு ஜிடிஎல் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அரசாங்க வேலை நோக்கமென்றால் எஸ்பிஎம் பகாசா மலேசியா தாளைத் தனியார் தேர்வராக மறுபடியும் எழுதலாம். அதற்கு வயது தடையில்லை, வெட்கம்தான் தடை. மேலாளர் வேலைக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்க அறிக்கை எழுதத் தெரிய வேண்டும் என்பதாலேயே லைன் லீடர் ஆகாமல் நிற்கும் பெண்கள் தொழிற்சாலைகளில் ஏராளம். அவர்களுக்குத் தேவை டிப்ளோமா அல்ல. ஆறு மாத எழுத்துப் பயிற்சி.

பயிற்சிக்குப் பணம்? பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர் உள்ள முதலாளி, மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கோர்ப்புக்கு லெவியாகச் செலுத்த வேண்டும். 2021 மார்ச் முதல் விவசாயத் துறையும் இதில் சேர்ந்துவிட்டதால் தோட்டங்களும் விலக்கல்ல. அந்தப் பணம் தொழிலாளர் பயிற்சிக்காகவே ஒதுக்கப்பட்டது. ஆகவே ‘என்னைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்’ என்று கேட்பது தயவு கேட்பதாகாது. ‘நம் லெவியிலிருந்து கோர முடியுமா?’ என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். கேட்கும்போது எத்தனை ஆண்டாக இருக்கிறேன் என்று தொடங்காதீர்கள்; இப்போது எந்தெந்த வேலையை நான் தனியாகச் செய்கிறேன், யாருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தேன் என்று தொடங்குங்கள்.

புதிதாக முளைத்த நாற்காலி ஒன்றும் உண்டு. 2024 ஜூன் 1 முதல், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள முதலாளி, தம் ஊழியர்களில் ஒருவரைப் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பாதுகாப்பு அதிகாரி வைத்திருக்க வேண்டிய பெரிய இடங்களுக்கு இது பொருந்தாது. மர ஆலை, பட்டறை, சிறு தொழிற்சாலைகளில் ‘நான் செய்கிறேன்’ என்று முதலில் சொல்பவருக்கு வாய்ப்பு இருக்கிறது. இதற்கான பயிற்சி ஒருசில நாள்தான்.

சிங்கப்பூருக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். கடன் இருக்கும் வீட்டுக்கு அது சரியான முடிவாகவே இருக்கலாம்; நாணய மதிப்பே மூன்று மடங்குக்கு மேல். ஆனால் இங்கே ஹெல்ப்பராக இருந்தவர் அங்கேயும் ஹெல்ப்பராகவே பத்து ஆண்டு இருந்தால் சம்பளம் மாறியது, நிலை மாறவில்லை. வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு அங்கே சிபிஎஃப் கிடையாது. இங்கே சேமநிதியில் தாமாகக் கட்டாவிட்டால் அந்தப் பத்து ஆண்டுக்கும் முதுமைச் சேமிப்பு என்று எதுவும் இருக்காது. எஸ்கேஎம்மை முடித்துக்கொண்டு கடல் தாண்டுவது நல்லது.

ஐம்பதைத் தாண்டி, வீட்டுக் கடன் முடிந்து, பிள்ளைகள் தலையெடுத்து, செய்கிற வேலை பிடித்திருக்கிறது என்பவரை இந்தக் கட்டுரை தொந்தரவு செய்யவில்லை. அவர் நிற்பது தேங்கியதால் அல்ல, தேர்ந்தெடுத்ததால்.

வெளியேறுவதென்று முடிவு செய்தவர்கள் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளத்தில் பதிவு. கைப்பேசியில் சிரமமென்றால் பத்து பகாட், குளுவாங் சொக்சோ அலுவலகங்களில் உதவி கேட்கலாம். பிறகு நேர்காணல். கையில் நியமனக் கடிதம் வந்த பிறகே விலகல் கடிதம். கோபத்தில் தாமாக விலகியவருக்கு 2018-இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்தின் உதவித்தொகை கிடைக்காது. கம்பெனி ஆட்குறைப்புச் செய்து வேலை போனால் கிடைக்கும்; ஆனால் வேலை இழந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். ஆகவே ‘நீயே கடிதம் எழுதிக் கொடுத்துவிடு, அதுதான் மரியாதை’ என்று மேலாளர் காகிதத்தை நீட்டினால், கையெழுத்திடும் முன் சொக்சோவுக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.