பச்சையும் பச்சாத்தாபமும்

பச்சை குத்தியதை அழிக்க முடியுமா என்ற கேள்வி இன்று தோல் வைத்தியருடையதாகிவிட்டது. அடிப்படையில் அது சரித்திரத்தின் கேள்வி. உடம்பில் எழுதியது யார், அழிக்க விரும்பியது யார், அழிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்று பார்த்தால்தான் பச்சாத்தாபம் என்ற சொல்லுக்கு அர்த்தம் பிடிபடும்.

திட்டக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் வயதான பெண்களின் முன்கைகளில் கோலமும் தேளும் இன்னும் இருக்கின்றன. குத்தியவர்கள் குறத்திகள். மை செய்யும் முறையைச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் அரைத்துத் திரியில் தடவி விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். கரி கறுப்புதான், தோலுக்கு அடியிலிருந்து பார்க்கும்போது பச்சையாகத் தெரிகிறது. அந்தப் பெண்களை யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குறி அவர்களை ஊரோடு சேர்த்துவைத்தது. அதை அழிக்க வேண்டும் என்று அநேகமாக யாருக்கும் தோன்றவில்லை.

இதே ஊசியை அரசாங்கம் கையில் எடுத்தபோது காரியம் தலைகீழாயிற்று. வங்காளத்தில் 1797-ன் கும்பினிச் சட்டம் ஆயுள் கைதியின் நெற்றியில் அவன் பெயர், குற்றம், தண்டனைத் தேதி, தீர்ப்பளித்த நீதிமன்றம் ஆகியவற்றை அவன் நாட்டு மொழியிலேயே குத்தச் சொன்னது. வடக்கே இதற்குப் பெயர் கோத்னா. சென்னை மாகாணத்திலும் இது நடந்தது. நெற்றியில் எழுத்தோடு கைதிகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். தலையெழுத்து என்று நாம் உருவகமாகச் சொல்வதை அதிகாரிகள் ஸ்தூலமாகவே செய்துவிட்டார்கள். தீர்ப்பு தவறு என்று பின்னால் தெரிந்தாலும் நெற்றி தெரிந்துகொள்ளாது. கைதிகள் கண்டுபிடித்த வழி எளியது: தலைப்பாகையை இறக்கிக் கட்டினார்கள், முன்முடியை வளர்த்தார்கள். அதாவது அழிக்கவில்லை, மறைத்தார்கள். 1849-ல் சட்டம் போட்டு இந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். ஏற்கெனவே குத்தியதைத் திரும்பப் பெற எந்தச் சட்டமும் இல்லை.

ஆக, பச்சாத்தாபம் என்பது தேர்ந்தெடுத்தவனுக்கு மட்டும் வருவதல்ல. குறி மனிதனைச் சேர்க்கிறதா, தனியே பிரிக்கிறதா என்பதைப் பொறுத்தது அது.

மூன்றாவது வகை நம்முடையது. 1972-ல் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கினார், 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை வந்தது. எழுபதுகளின் நடுவில் கட்சிக்காரர்கள் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னார். கட்சிக்குள்ளேயே எதிர்த்தவர்கள் உண்டு. குத்திக்கொண்டவர்கள் ஏராளம். இது கட்டளையா, சொந்த விருப்பமா? இரண்டும் ஒன்றாகக் கரைந்துபோன இடத்தைத்தான் நாம் பக்தி என்கிறோம். 1987-ல் அவர் இறந்தார், கட்சி இரண்டாயிற்று. 1989 ஜனவரித் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டு, ஒரு பக்கம் சேவல், மறுபக்கம் இரட்டைப் புறா. தேர்தல் கமிஷனால் காகிதத்தில் இலையை முடக்க முடிந்தது, முன்கையில் முடியவில்லை. சின்னம் அதே வருஷம் திரும்பி வந்தது. 2017-ல் மறுபடி முடக்கப்பட்டு மறுபடி வந்தது. இடையில் வேறு கட்சிக்குப் போனவர்கள் முழுக்கைச் சட்டையோடு போனார்கள்.

அழிப்பதற்கும் ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. ஆறாம் நூற்றாண்டின் கிரேக்க வைத்தியர் ஏட்டியஸ் பச்சையை அரித்தெடுக்க மருந்து எழுதியிருக்கிறார். பிறகு உப்பு வைத்துத் தேய்த்தார்கள், அமிலம் ஊற்றினார்கள், தோலையே வெட்டித் தைத்தார்கள். எல்லாவற்றிலும் படம் போய்த் தழும்பு வந்தது. இன்றைய லேசர் கணத்தில் மிகச் சிறிய பங்கு நேரமே பாய்ந்து மைத்துகள்களை உடைக்கிறது. பொடியை உடம்பே மெல்ல அகற்றுகிறது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். கறுப்பு எளிதில் போகும். பச்சையும் மஞ்சளும் பிடிவாதம் பிடிக்கும். நம்மைப் போன்ற கருந்தோலில் அந்த இடம் வெளுத்தோ மேலும் கறுத்தோ போகும் அபாயம் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான்காரர்களுக்கு இது புதிதல்ல. மெருகின் அடியில் சுட்ட நிறத்தை எடுக்க வேண்டுமானால் மெருகைத்தான் கெடுக்க வேண்டும்.

செலவுக்கு அஞ்சுகிறவர்களுக்கு மிஞ்சுவது மேலே வேறு படம் குத்துவது. புதியது பழையதைவிடப் பெரியதாகவும் கறுப்பாகவும் இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. நம் பொது வாழ்வின் விதியும் இதுதான் என்று தோன்றுகிறது. பழைய விசுவாசத்தை யாரும் பரிசீலிப்பதில்லை. அதைவிடப் பெரிய விசுவாசத்தால் மூடுகிறார்கள். எழுதுகிற நாமும் இதற்கு விலக்கல்ல. முதல் தொகுப்பை மறுத்து ஒரு வரி எழுதாமல் மூன்றாம் தொகுப்பை வெளியிடுகிறோம்.

வங்கிக் கவுண்டரில் ஒரு பெரியவர் கைநாட்டு வைக்க இடது கையை நீட்டினார். முன்கையில் ஒரு வேல், தடித்த கறுப்பில். அதன் இருபுறமும் இலை நுனிகள் பிதுங்கித் தெரிந்தன. படிவத்தில் அங்க அடையாளம் கேட்டிருந்தது. நான் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"வலது தோள்ல ஒரு மச்சம் இருக்கு, அதைப் போட்டுக்குங்க தம்பி" என்றார்.

அதையே எழுதினேன்.