நைட்ரோபிளாஸ்ட்

பிராருடோஸ்பேரா பிகலோவி என்னும் ஒருசெல் கடற்பாசியின் செல்லுக்குள் இருந்து, நைட்ரஜன் வாயுவை அம்மோனியாவாக மாற்றித் தரும் நுண்ணுறுப்பு நைட்ரோபிளாஸ்ட். தனித்து வாழ்ந்த ஒரு சயனோபாக்டீரியா பாசியின் செல்லுக்குள் குடியேறி, சுமார் 10 கோடி ஆண்டுகளில் அதன் உறுப்பாகவே மாறியதன் விளைவு இது. உட்கருவுள்ள செல்களில் நைட்ரஜனை நிலைநிறுத்தும் உறுப்பு எதுவும் கிடையாது என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. அந்தக் கூற்றை 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு மாற்றியது.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் அதன் இரு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருப்பதால் செடிகளாலும் விலங்குகளாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பிணைப்பை உடைக்கும் நைட்ரோஜினேஸ் என்ற நொதி பாக்டீரியாக்களிடமும் ஆர்க்கியாக்களிடமும் மட்டுமே உண்டு. அறுவடையாகும் நெல் வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கும் காவிரிப் படுகை உழவர்கள் பயன்பெறுவதும் இந்த நொதியால்தான்; பயறுச் செடியின் வேர்முடிச்சுக்குள் பாக்டீரியாக்கள் அதை இயக்குகின்றன. அந்தப் பாக்டீரியாவை நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெயரிங்க் 1888-இல் பிரித்தெடுத்தார். வேர்முடிச்சில் பாக்டீரியா எவ்வளவு நெருங்கி வாழ்ந்தாலும் அது விருந்தாளியே. ஒவ்வொரு செடியும் மண்ணிலிருந்து அதைப் புதிதாகப் பெற்றாக வேண்டும். விதை வழியாக அது அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை.

நைட்ரோபிளாஸ்டின் வரலாறு இரண்டு தனித்தனி இழைகளாகத் தொடங்குகிறது. முதல் இழை பாசியைப் பற்றியது. நார்வே நாட்டின் கிரானும் பிராருடும் 1935-இல் இந்தப் பாசியை விவரித்து, அமெரிக்கக் கடலியலாளர் ஹென்றி பிகலோவின் பெயரை அதற்குச் சூட்டினர். பிரெஞ்சு அறிஞர் டெஃப்லாந்தர் 1947-இல் அதைத் தனிப் பேரினமாக்கி, பிராருடின் பெயரையும் சேர்த்தார். ஐங்கோண வடிவமுள்ள 12 சுண்ணத் தகடுகள் பொருந்தி அமைந்த கூடு இதன் அடையாளம். கிரெட்டேசியக் காலப் பாறைகளிலிருந்தே இத்தகடுகள் புதைபடிவங்களாகக் கிடைப்பதால், புவியியலாளர்களுக்கு இது நன்கு பழகிய உயிர். உயிரோடிருக்கும் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் எவரும் பார்த்திருக்கவில்லை.

இரண்டாம் இழை 1998-இல் தொடங்குகிறது. ஜொனாதன் ஸேர் குழுவினர் பசிபிக் கடல்நீரில் நைட்ரோஜினேஸ் மரபணுக்களைத் தேடியபோது, அதுவரை அறியப்படாத ஒரு சயனோபாக்டீரியாவின் சிறு டி.என்.ஏ. துண்டு கிடைத்தது. உயிரியைக் காணோம், அதன் தடயம் மட்டும் கையில் இருந்தது. அதற்கு யூசின்-ஏ என்று பெயரிட்டார்கள். ஆராய ஆராயப் புதிர் கூடியது. சயனோபாக்டீரியா என்றாலே ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜன் வெளியிடும் உயிர். யூசின்-ஏயிலோ ஆக்சிஜன் உண்டாக்கும் ஒளித்தொகுதி-2 முழுமையாக இல்லை என்று 2008-இல் தெரிந்தது. ஆக்சிஜன் பட்டால் நைட்ரோஜினேஸ் கெட்டுவிடும். ஆகவே அந்த இழப்பு நைட்ரஜன் வேலைக்கு அனுகூலம்தான். ஆனால் கரிமச்சத்து எங்கிருந்து வரும்? 2010-இல் முழு மரபணுத்தொகையும் படிக்கப்பட்டபோது அதில் 14 லட்சத்துக்குச் சற்று அதிகமான கார இணைகளே இருந்தன. கரியமில வாயுவை நிலைநிறுத்தும் நொதியும் இல்லை, சுவாசத்தின் மையமான சிட்ரிக் அமிலச் சுழற்சியும் இல்லை. இப்படிப்பட்ட உயிர் கடலில் தனித்து வாழ்வது நடக்காது.

துணை யார் என்பது 2012-இல் வெளிப்பட்டது. ஆன் தாம்சனும் சக ஆய்வாளர்களும் கடல்நீரை உறைய வைக்காமலும் செல்களைச் சிதைக்காமலும் பிரித்துப் பார்த்தபோது, யூசின்-ஏ ஒரு சிறு பாசியோடு இணைந்திருப்பதைக் கண்டார்கள். பாசி கரிமத்தைக் கொடுக்கிறது. யூசின்-ஏ தான் நிலைநிறுத்தும் நைட்ரஜனில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. ஜப்பானியப் பாசியியலாளர் கியோகோ ஹகினோ 2013-இல் அந்த இணையை பிராருடோஸ்பேரா பிகலோவியின் செல்லுக்குள்ளேயே காட்டியபோது இரண்டு இழைகளும் ஒன்றாயின.

இந்த வரலாற்றில் ஹகினோவின் பங்கே எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிகிறது. ஆய்வகத்தில் வளராத உயிரைப் பற்றி மரபணுவை வைத்து ஊகிக்கலாம், உறுதிப்படுத்த முடியாது. ஜப்பானின் கோச்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், 300-க்கும் மேற்பட்ட முறை கடலில் நீர் சேகரித்து, பத்தாண்டுகளுக்கும் மேல் முயன்று, இந்தப் பாசியை ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தார். பெயரிடுதலையும் வளர்த்தலையும் பழங்காலத்து வேலை என்று ஒதுக்குவோர் இன்றும் உண்டு. அந்த வேலை நடந்திராவிட்டால் 2024-இன் கண்டுபிடிப்பே இல்லை.

வளர்ப்பு கிடைத்ததும் டைலர் கோல், ஸேர் உள்ளிட்டோர் அடிப்படைக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: இது குடியிருக்கும் உயிரா, உறுப்பா? அதைத் தீர்மானிக்க இரண்டு அளவுகோல்கள் இருந்தன. பெர்க்லியில் மென் எக்ஸ்-கதிர்ப் படங்கள் எடுத்தபோது, பாசி பிரிவதற்கு முன் யூசின்-ஏயும் முறையாக இரண்டாகி, சேய்ச் செல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று போய்ச் சேருவது தெரிந்தது. இழைமணிகளும் பசுங்கணிகங்களும் அப்படித்தான் பங்கிடப்படுகின்றன. இரண்டாவது, புரதங்கள். யூசின்-ஏ இழந்துவிட்ட மரபணுக்களின் வேலையைச் செய்யும் புரதங்களைப் பாசியே தன் உட்கருவிலுள்ள மரபணுக்களைக் கொண்டு தயாரிக்கிறது. அவற்றின் முனையில் முகவரி போன்ற ஒரு கூடுதல் துண்டு இருக்கிறது. அதைக் கொண்டு அவை உரிய இடத்துக்குள் போய்ச் சேருகின்றன. தன் புரதங்களுக்கே பிற செல்லைச் சார்ந்திருப்பதை உறுப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? யூசின்-ஏ என்ற அந்த உறுப்புதான் நைட்ரோபிளாஸ்ட்.

செல்லுக்குள் செல் புகுந்து உறுப்பாகும் என்ற கருத்தை ரஷ்யாவின் மெரஷ்கோவ்ஸ்கி 1905-இலேயே பசுங்கணிகத்துக்கு முன்வைத்தார். லின் மார்குலிஸ் 1967-இல் ஒரு கட்டுரையில் அதை விரிவாக வாதிட்டார். அந்தக் கட்டுரையைப் பல இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகே அது அச்சேறியது. இன்று அறிந்தவரை இத்தகைய மாற்றம் நான்கே முறை நடந்திருக்கிறது: இழைமணி, பசுங்கணிகம், பாலினெல்லா என்ற அமீபாவின் நிறத்தாங்கி, நைட்ரோபிளாஸ்ட். முதலிரண்டும் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. மற்ற இரண்டும் அவற்றோடு ஒப்பிட இளையவை. ஆகவே மாற்றத்தின் இடைக்கட்டங்களைப் படிக்க நைட்ரோபிளாஸ்ட் அரிய வாய்ப்பு. யூசின்-ஏ வெப்பமண்டலக் கடல்களில் மட்டுமன்றி ஆர்க்டிக் நீரிலும் நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது என்று 2018-இல் காட்டப்பட்டதால், கடலின் சத்துக் கணக்கிலும் அதற்கு இடமுண்டு.

வேளாண் ஆய்வாளர்களின் கவனமும் இதன்மேல் திரும்பியிருக்கிறது. நைட்ரோஜினேஸ் மரபணுக்களை நெல், கோதுமை போன்ற பயிர்களுக்குள் நேரடியாகச் சேர்க்கும் முயற்சிகள் பல்லாண்டுகளாக நடக்கின்றன; மாட்ரிட்டில் லூயிஸ் ரூபியோவின் குழு அந்த நொதியின் ஒரு கூறை ஈஸ்ட்டின் இழைமணிக்குள் செயல்பட வைத்திருக்கிறது. இழைமணி ஆக்சிஜனைத் தொடர்ந்து செலவழிப்பதால் நொதிக்கு அங்கே ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது. நைட்ரோபிளாஸ்ட் காட்டுவது வேறு வழி. அங்கே சில மரபணுக்களாக இடம் மாறாமல், தேவைக்கு மிஞ்சியதை உதிர்த்துக்கொண்டே ஒரு முழு பாக்டீரியாவும் பாசிக்குள் தங்கிவிட்டது. எந்தெந்தப் புரதங்களை அனுப்பி பாசி அதைப் பேணிவருகிறது என்ற பட்டியல் இப்போது ஆய்வாளர்களிடம் இருக்கிறது.