கொடிவழி பிடித்துப் போன சோதனை

கொச்சியின் கலூரில் செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோணியார் கோயிலில் கூட்டம். மற்ற நாட்களின் விடிகாலைக் கூட்டம் லேப் வாசல்களில்: வெறும் வயிறு, மடித்துவிட்ட சட்டைக் கை, டாக்டரின் சீட்டு. டீக்கடையில் இருவர் தங்கள் கொலஸ்ட்ராலைப் பற்றிப் பேசிக்கொள்வது இங்கே மழையைப் பற்றிப் பேசுவது போல. காரணம் இல்லாமல் இல்லை. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வு 2023இல் வெளிவந்தபோது, மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் நாட்டு அளவில் 24 சதவீதம், கேரளத்தில் 50.3 சதவீதம் என்று சொன்னது. வேறு எந்த மாநிலமும் இவ்வளவு தொடவில்லை.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பாதி ஊருக்கு 200ஐத் தாண்டும் இடத்தில் 320 உள்ளவர் ஒளிந்துகொள்வது சுலபம். தேங்காயெண்ணெயைக் குறை, பொரித்த மாட்டிறைச்சியை விடு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவரும் விடுவார், எண் கொஞ்சம் இறங்கி நின்றுவிடும். அவருடைய கொலஸ்ட்ரால் சட்டியிலிருந்து வந்ததல்ல, அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்தது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்லை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் ஈரலில் ஏறத்தாழ பாதிதான் வேலை செய்கின்றன, பிறந்த நாளிலிருந்தே. நாற்பது வயதில் அவருடைய ரத்தக் குழாய் நாற்பது வருடமாகக் கொழுப்பில் ஊறியிருக்கிறது.

இதை முதலில் வீடு வீடாகப் பார்த்தவர் நார்வே மருத்துவர் கார்ல் முல்லர். 1938இல் ஆஸ்லோவிலிருந்து எழுதிய அவர், 17 குடும்பங்களை அடுக்கிக் காட்டினார்: தசைநாண்களில் கொழுப்புக் கட்டி, ரத்தத்தில் கொலஸ்ட்ரால், நெஞ்சு வலி, மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்து ஓடுகின்றன. 1964இல் பெய்ரூட்டில் கச்சதூரியன் லெபனான் குடும்பங்களைப் பார்த்து அடுத்த முடிச்சை அவிழ்த்தார். அப்பா, அம்மா இருவரில் ஒரு பக்கத்திலிருந்து பழுது வந்தால் நடுவயதில் நெஞ்சு வலி. இரு பக்கமும் வந்தால் பிள்ளைப் பருவத்திலேயே. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டி வைக்கும் நாம் இந்த இரண்டாவது வாக்கியத்தை இன்னொரு தரம் படிக்கலாம். டல்லஸில் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1970களில் அந்த ஏற்பியையே கண்டுபிடித்தார்கள். 1985இல் நோபல் கிடைத்தது.

ஆனால் ஊரைச் சல்லடை போட்டுத் தேட யாரும் கிளம்பவில்லை. கிளம்பியிருக்கவும் கூடாது. மக்களைச் சோதிக்கும் திட்டங்களுக்கு உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968இல் எழுதிய விதிகளில் ஒன்று, கண்டுபிடித்த நோய்க்கு வைத்தியம் இருக்க வேண்டும் என்பது. அந்த வைத்தியம் ஜப்பானில் அரிசியில் பூத்த பூஞ்சையிலிருந்து வந்தது. அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை வளர்த்துப் பார்த்து 1973இல் பிடித்தார். ஸ்டாட்டின் என்ற அந்த வகையில் முதல் மாத்திரை 1987இல்தான் கடைக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் நெதர்லாந்து. 1994இல் அங்கே செய்தது வேறு தினுசு. எல்லாரையும் கூப்பிடவில்லை. மரபணுப் பழுது உறுதியான ஒருவரைப் பிடித்தார்கள். அவரிடம் உட்கார்ந்து கொடிவழி எழுதி வாங்கினார்கள். உடன்பிறந்தவர், பிள்ளைகள், சித்தப்பா, அத்தை, அவர்களுடைய பிள்ளைகள். களப்பணியாளர்கள் அவர்களைத் தேடிப்போய் ரத்தம் எடுத்தார்கள். பழுதுள்ள ஒவ்வொருவரும் அடுத்த கிளைக்கு வாசல். முதல் ஐந்து ஆண்டுக் கணக்கு 2001இல் வெளிவந்தது: 237 பேரிலிருந்து தொடங்கி 5,442 உறவினர்களைச் சோதித்தார்கள், 2,039 பேரிடம் பழுது. மூன்றில் ஒருவருக்கு மேல்! தெருவில் போகிறவர்களைச் சோதித்தால் சுமார் 300 பேருக்கு ஒருவர் அகப்படுவார். அந்த 2,039இல் பெரியவர்களில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் 39 சதவீதம். ஒரு வருடம் கழித்து 93.

டச்சுக்காரர்கள் கொச்சிக்குப் புதியவர்கள் அல்ல. மட்டாஞ்சேரியில் போர்ச்சுக்கீசியர் கட்டிய அரண்மனையை, 1663இல் ஊரைப் பிடித்தபின் செப்பனிட்டு அதற்குத் தங்கள் பெயரையே வாங்கிவிட்டார்கள். அதற்குப் பதினோரு ஆண்டு முன்னால் அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆப்பிரிக்காவின் தென்முனையில் ஆட்களைக் குடியேற்றியது. சிறு கூட்டம், கொள்வினை கொடுப்பினை எல்லாம் தங்களுக்குள்ளேயே. அந்த ஆப்பிரிக்கானர் சந்ததியில் இன்று ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு இந்தப் பழுது. மிளகுக் கணக்கை ஒழுங்காக எழுதிவைத்த கம்பெனி இந்தச் சரக்கைப் பதிவேட்டில் ஏற்றவில்லை.

மரபணுச் சோதனைக்குப் பணமில்லாத இடத்துக்கும் டச்சு மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் தாளை விட்டுப் போயிருக்கிறார்கள். எல்.டி.எல் 330க்கு மேல் என்றால் 8. குதிகாலின் பின் நாணில் கட்டி என்றால் 6. நாற்பத்தைந்து வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம், 4. எட்டைத் தாண்டினால் உறுதி. ரத்தச் சோதனை எண் போக, பார்க்கக் கண்ணும் தடவ விரலும் போதும். ஸ்லோவேனியாவோ 1995 முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளையே சோதிக்கிறது. குழந்தையிடம் தெரிந்தால் கொடிவழியில் மேலே ஏறிப் பெற்றோரைப் பிடிக்கலாம்.

இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் 18 வயதில் முதல் சோதனை என்கிறது. குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதற்கும் முன்பே. 300 பேருக்கு ஒருவர் என்ற உலகக் கணக்கை, 2011 கணக்கெடுப்பில் 3.34 கோடிப் பேர் கொண்ட கேரளத்தில் போட்டால் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் வரும். அவ்வளவு பேரின் கொடிவழியை எங்கே போய் எழுதி வாங்குவது என்று மலைக்கத் தோன்றும்.

ஆனால் மலையாளப் பத்திரிகைகளில் 'சரமம்' என்று தினமும் ஒரு பக்கம் வருகிறது. இறந்தவரின் படம், வயது, வீட்டுப் பெயர், மனைவி எந்த வீட்டுக்காரி, மக்கள் யார், எங்கே வேலை, மருமக்கள் யார். கலூர் லேப் ஒன்றில் முறை வரக் காத்திருக்கும்போது அதைப் புரட்டினேன். ஒருவர், நாற்பத்து மூன்று வயது. இரண்டு பிள்ளைகள். மூன்று உடன்பிறந்தவர்கள், ஒருவர் துபாயில். என் கையிலிருந்த சீட்டில் பெயர், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்று கட்டங்கள்தான்.